சத்தம் வருகிறது என்பதற்காக வயரை வெட்டாதீர்கள்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில், இளைஞர்களுக்கான தொழில் பக்கத்தில், கேபிள் கண்டுபிடிக்கும் டோன் கருவியைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். இந்த மாதிரி வேலைகளைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு, அதனால் தலைப்பைப் பார்த்ததும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே போட்டிருந்த படத்தைப் பார்த்ததும் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். சுவரில் இருக்கும் மூன்று முள் பிளக் பாயின்ட்டைக் கழற்றி, அதன் பின்னால் இருக்கும் வயர்களில் சிவப்பு கிளிப்பையும் கறுப்பு கிளிப்பையும் மாட்டியிருக்கிறார் ஒருவர், பக்கத்தில் ஸ்விட்ச் விளக்கு சிவப்பாக எரிகிறது. அந்த விளக்கு எரிகிறது என்றால் அங்கே 230 வோல்ட் இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கருவியைப் போய் அதில் மாட்டினால் கருவி போய்விடும், ஆளுக்கும் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. படம் எங்கிருந்தோ எடுத்துப் போட்டதாக இருக்கலாம், ஆனால் நாளைக்கு ஒரு பையன் அதைப் பார்த்து அப்படியே செய்வான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன், எழுத எழுத நீண்டுவிட்டது, சுருக்கிப் போட்டாலும் சரி.

நான் திருப்பூரில் 29 வருடம் டெலிபோன் மெக்கானிக்காக இருந்தவன். 2020 ஜனவரி 31-ம் தேதி நாடு முழுக்க 78,000-க்கும் மேற்பட்ட பிஎஸ்என்எல் ஊழியர்கள் ஒரே நாளில் விருப்ப ஓய்வில் வெளியே வந்தோமே, அதில் நானும் ஒருவன். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இப்போது பனியன் கம்பெனிகளிலும் கடைகளிலும் கேமரா, நெட்வொர்க் வயரிங் வேலைக்குப் போகிற பையன்களோடு சேர்ந்து போகிறேன். வயர் முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்துகிற அவர்கள் கிரிம்பிங் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது, கண்ணாடி போட்டால்தான் வெள்ளை-பச்சை எது வெள்ளை-நீலம் எது என்றே தெரிகிறது. ஆனால் "இந்த வயர் எங்கே போகிறது" என்ற கேள்வி வந்தால் மட்டும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கருவி ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி, உள்ளே 9 வோல்ட் சதுர பேட்டரி, வெளியே இரண்டு முதலைக் கிளிப், நெட்வொர்க் வயர் செருக ஒரு ஓட்டை, ஒரு ஸ்விட்ச். இதுதான் டோன் அனுப்புவது. இன்னொன்று தடித்த பேனா மாதிரி, முனையில் கூர்மையான பிளாஸ்டிக் மூக்கு, பக்கத்தில் வால்யூம் சக்கரம், அழுத்திப் பிடித்தால்தான் வேலை செய்யும் ஒரு பட்டன். நாங்கள் அதைக் குச்சி என்போம். கடையில் டோனர் என்று கேட்டால் சில கடைக்காரர்கள் பிரிண்டருக்கான மை டப்பாவை எடுத்து நீட்டுவார்கள், கேபிள் டிராக்கர் என்று கேளுங்கள். பெட்டி வயருக்குள் சுமார் 1000 ஹெர்ட்ஸ் சத்தத்தை, அதாவது காதுக்கு நன்றாகக் கேட்கிற ஒரு ஊளையை, மின்சாரமாக அனுப்புகிறது. வயரைச் சுற்றி அதனால் ஒரு மின்புலம் துடிக்கிறது. குச்சி அந்தத் துடிப்பைத் தோல் உரிக்காத வயருக்கு மேலேயே நுகர்ந்து, பெருக்கி, ஸ்பீக்கரில் கேட்க வைக்கிறது. தோலை உரிக்க வேண்டாம், குத்த வேண்டாம், தொட வேண்டும் என்றுகூட இல்லை, அதுதான் இதில் இருக்கும் வசதி. பெட்டியில் ஒரே சீராகக் கத்துகிற டோன் ஒன்றும், இரண்டு சுருதி மாறி மாறி வருகிற டோன் ஒன்றும் இருக்கும். மாறி வருவதையே வையுங்கள். சீரான சத்தம் கரண்ட் இரைச்சலோடு கலந்துவிடும், மாறி மாறி வருவது ஆம்புலன்ஸ் மாதிரி, எந்த இரைச்சலிலும் தனியாகத் தெரியும்.

உங்கள் கட்டுரையில் "இரண்டு கிளிப்புகளையும் வயரில் மாட்டிவிட்டு, மறுமுனையில் சத்தம் வரும் வயரை எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்குள்தான் எல்லாத் தப்பும் இருக்கிறது.

முதலில், மாட்டுவதற்கு முன்னால் அந்த வயர் செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக் கரண்ட் லைன் என்றால் மெயினை அணைத்து, அணைந்ததை மீட்டரில் உறுதி செய்துகொண்டு, அந்த வயரை இரண்டு முனையிலும் கழற்றிவிட்ட பிறகுதான் இந்தக் கருவியைப் பற்றி யோசிக்கவே வேண்டும். நெட்வொர்க் வயர்தானே என்று அசட்டையாக இருக்கவும் கூடாது, இப்போது கேமராவுக்கும் வைஃபை பெட்டிக்கும் அதே வயரில் 48 வோல்ட் சுமாருக்குக் கரண்ட்டையும் சேர்த்து அனுப்புகிறார்கள். டெலிபோன் லைனிலும் எக்ஸ்சேஞ்ச் பேட்டரி 48 வோல்ட் எப்போதும் நிற்கும், அதில் ஒன்றும் செய்யாது, ஆனால் நாம் கிளிப்பைப் பிடித்திருக்கும் நேரம் பார்த்து யாராவது அந்த நம்பருக்குப் போன் போட்டால் மணி அடிக்க வருவது சுமார் 75 வோல்ட். ஏணி மேல் நின்று அதை வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் கறுப்பு கிளிப் எங்கே போகிறது என்பது. இதைத்தான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெட்வொர்க் வயரும் டெலிபோன் வயரும் ஜோடி ஜோடியாக முறுக்கப்பட்டவை. அந்த முறுக்கு அழகுக்கு இல்லை, 1881-ல் கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிய யோசனை அது. ஒரு கம்பி வெளியே விடும் துடிப்பை அடுத்த கம்பி எதிர்த் துடிப்பால் அழித்துவிடும், அதனால் பக்கத்து ஜோடியில் பேசுவது இந்த ஜோடியில் கேட்காது. சரி, இப்போது அதே ஜோடியில் சிவப்பை ஒரு கம்பியிலும் கறுப்பை அதன் கூட்டாளியிலும் மாட்டினால் என்ன ஆகும்? நம் டோனையும் அந்த முறுக்கு அழித்துவிடும். குச்சியை வயர் மேலேயே வைத்தாலும் கொசு முனகுகிற மாதிரிதான் கேட்கும். பையன் "கருவி சரியில்லைண்ணா" என்பான். கருவி சரியாகத்தான் இருக்கிறது, பெல் வென்றுவிட்டார், அவ்வளவுதான்.

தூரத்துக்குக் கேட்க வேண்டும் என்றால் சிவப்பை ஒரு கம்பியிலும் கறுப்பை எர்த்திலும் மாட்டுங்கள். எர்த் என்றால் நெட்வொர்க் பெட்டிகளை அடுக்கி வைக்கிற ரேக்கின் இரும்புச் சட்டம், எர்த் வயர், அந்த மாதிரி. இப்போது அழிக்க ஆள் இல்லை, ஃபால்ஸ் சீலிங்குக்குக் கீழே நின்றே சில இடங்களில் கேட்கும், மூடிய பிவிசி பைப்புக்குள் கிடந்தாலும் கேட்கும். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சத்தம் அந்தக் கம்பியோடு நிற்காது. பக்கத்தில் 30 அடி சேர்ந்து ஓடி வருகிற எல்லா வயருக்கும் ஒட்டிக்கொள்ளும். ஒரு கட்டுக்குள் 24 வயர் இருந்தால் 24-ம் பாடும். நடுவாந்திரமாக ஒரு வழி இருக்கிறது, சிவப்பை ஒரு ஜோடியின் கம்பியிலும் கறுப்பை அதே கேபிளில் வேறு ஜோடியின் கம்பியிலும் மாட்டுவது. முறுக்கு அழிக்காது, எர்த் அளவுக்குப் பரவவும் செய்யாது. நான் பெரும்பாலும் வெள்ளை-ஆரஞ்சிலும் வெள்ளை-பழுப்பிலும் மாட்டுவேன், காரணம் ஒன்றும் இல்லை, பழக்கம். வழி தேட எர்த், கட்டுக்குள் தேட வேறு ஜோடி, கடைசியில் உறுதி செய்ய அதே ஜோடி. கிளிப்பை மூன்று விதமாக மாற்றி மாட்ட வேண்டும், அதற்குச் சோம்பல்படுகிறவர்கள்தான் தப்பான வயரை வெட்டி மாட்டிக்கொள்கிறார்கள்.

மறுமுனை நெட்வொர்க் ஸ்விட்சில், அதாவது பல நெட்வொர்க் வயர்களைச் செருகி இணைக்கிற பெட்டியில், செருகியிருந்தால் இந்தச் சாதாரண கருவி பாதி நேரம் ஊமையாகிவிடும். வயர் செருகுகிற ஓட்டையான போர்ட்டுக்குள் ஒவ்வொரு ஜோடியும் ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் சுருளில் போய் முடிகிறது, நம் 1000 ஹெர்ட்ஸுக்கு அந்தச் சுருள் இருப்பதே தெரியாது, இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொட்டு ஷார்ட் ஆன மாதிரிதான் கிட்டத்தட்ட. உருவிவிட்டுத் தேடுங்கள். உருவ முடியாத இடம் என்றால் டிஜிட்டல் டோனர் என்று விலை கூடியது ஒன்று வருகிறது, அது செருகியிருக்கும் போதும் கேட்கும். அதுவும் இல்லையா, ஸ்விட்சில் இல்லாத முனையில் லேப்டாப்பைச் செருகிச் செருகி எடுங்கள், ஸ்விட்சில் எந்த விளக்கு அதோடு சேர்ந்து அணைந்து எரிகிறதோ அதுதான் உங்கள் போர்ட். காசில்லாத வழி. இதைச் சொன்னால் கருவி வாங்கிய பையனுக்குக் கோபம் வருகிறது.

இனி சத்தத்தைக் கேட்பது. மாரியம்மன் நோன்புக்கு மைக்செட் கட்டினால் ஊரில் எல்லாத் தெருவிலும் பாட்டுக் கேட்கும். வெளியூரிலிருந்து வந்தவன் தான் நிற்கும் தெருவில் சத்தம் கேட்கிறது என்பதற்காக இங்கேதான் கோயில் என்று செருப்பைக் கழற்றுவானா? ஆனால் வயர்க் கட்டின் முன்னால் நின்று பையன்கள் அதைத்தான் செய்கிறார்கள். வால்யூமை முழுசாகத் திருகிவிட்டு, முதலில் கத்துகிற வயரைப் பிடித்துக்கொள்கிறார்கள். வால்யூமைக் கூட்டுவது கட்டைக் கண்டுபிடிக்க மட்டும். கட்டு கிடைத்ததும் குறைக்க வேண்டும், குறைத்துக் குறைத்து, கிட்டத்தட்ட ஒன்றும் கேட்காத அளவுக்குக் கொண்டுவந்து, வயர்களை விரித்துவிட்டு, ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து நான்கு விரல் தள்ளிப் பிடித்து மூக்கை வைக்க வேண்டும். அப்போதும் இரண்டு மூன்று வயர் போட்டி போடும். அதில் எது பலமாகக் கத்துகிறதோ அதுதான் என்று நினைத்தால், அங்கேதான் மாட்டுவீர்கள்.

நான் மாட்டியிருக்கிறேன். 1998-ல், டெலிபோன் இன்னும் மத்திய அரசு இலாகாவாகவே இருந்த காலம், காதர்பேட்டைப் பக்கம் கம்பத்தில் இருந்த ஒரு டிபி பாக்ஸில், அதாவது வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டியில் வேலை. தண்ணீர் புகாமல் உள்ளே ஜெல்லி நிரப்பிய பத்து ஜோடி கேபிள், வெள்ளையில் நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு, சாம்பல் என்று ஐந்து, அதே ஐந்து நிறம் சிவப்போடு இன்னொரு தடவை. நான் தேடியது வெள்ளை-ஆரஞ்சு, ஆனால் நடுவில் ஒரு ஜாயின்ட்டில் யாரோ நிறம் மாற்றிப் போட்டிருந்தார்கள் என்பதால் நிறத்தை நம்ப முடியாது, டோன் போட்டுத்தான் ஆக வேண்டும். தெருவோரத்து இணைப்புப் பெட்டியான பில்லரில் எர்த்துக்குக் கறுப்பைக் கொடுத்துவிட்டு வந்து ஏணி ஏறினேன். பத்தும் பாடின. பழுதான என்னுடைய ஜோடி எங்கேயோ ஈரத்தில் கிடந்து டோனைக் குடித்துக் கொண்டிருந்தது, அதனால் அதில் சத்தம் மந்தம். பக்கத்தில் வெள்ளை-பச்சையில் கசிந்த சத்தம்தான் கணீரென்று இருந்தது. நல்ல வெயில், மணி ஒன்றரை, பசி. வெள்ளை-பச்சைதான் என்று வெட்டி மாற்றிக் கட்டிவிட்டு இறங்கிவிட்டேன். வெட்டுவதற்கு முன்னால் டெஸ்ட் போனை அதில் வைத்துக் கேட்டிருந்தால் டயல் டோன் வந்திருக்கும், அது யாருடையதோ உயிருள்ள லைன் என்று தெரிந்திருக்கும். இடுப்பில்தான் தொங்கியது அந்தப் போன், எடுக்கவில்லை.

அது ஒரு பனியன் கம்பெனியின் ஃபேக்ஸ் லைன். அந்தக் காலத் திருப்பூரில் ஃபேக்ஸ் லைன் என்றால் என்ன என்று இப்போது இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது, வெளிநாட்டு ஆர்டர், அளவு, கலர், தேதி எல்லாம் அந்தச் சுருள் தாளில்தான் வரும். மறுநாள் காலை அந்த முதலாளி டிவிஎஸ் 50-ல் ஆபீஸ் வாசலுக்கே வந்துவிட்டார். "ஏனுங்க, ஜெர்மன்காரன் நேத்து மத்தியானத்துல இருந்து ஃபேக்ஸ் அடிச்சுட்டு இருக்கானாமுங்க, இங்க ஒண்ணும் வரலீங்க, அவன் வேற கம்பெனிக்குக் குடுத்துட்டா நீங்க குடுப்பீங்களா எனக்கு ஆர்டரு?" சத்தம் போடவில்லை, அவர் அப்படிக் கேட்டதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. ஆர்டர் போகவில்லை, நல்லவேளை. என் டீ காசில் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன், அவர் குடிக்கவில்லை.

அன்றிலிருந்து ஷார்ட் வைத்துப் பார்க்காமல் ஒரு கம்பியையும் நான் வெட்டியதில்லை. அது என்ன ஷார்ட் என்றால், உங்கள் கட்டுரையில் இல்லவே இல்லாத விஷயம் அதுதான். இதுதான் வயர் என்று நினைக்கிற இடத்துக்கு வந்த பிறகு, பெட்டியிடம் திரும்பிப் போய் (அல்லது அங்கே ஒரு ஆளை நிறுத்தி) கிளிப் இரண்டையும் ஒரே ஜோடிக்கு மாற்றுங்கள். இப்போது இங்கே அந்த ஜோடியின் முனையை விரித்து இரண்டு கம்பிக்கும் நடுவில் குச்சியை வையுங்கள், முனையில் முறுக்கு இல்லாததால் நன்றாகக் கேட்கும். கேட்டுக்கொண்டே இரண்டு கம்பியையும் சேர்த்துத் தொடவிடுங்கள். சத்தம் செத்தால் அது உங்கள் ஜோடி. விட்டால் திரும்ப வர வேண்டும், தொட்டால் திரும்பச் சாக வேண்டும். கசிந்து வந்த சத்தம் இப்படிச் சுத்தமாகச் சாகாது, கொஞ்சம் மாறும், ஆனால் முனகிக்கொண்டே இருக்கும். பத்து விநாடி வேலை. சத்தம் வருகிறதா என்று கேட்கவே கூடாது, நான் சொன்னால் நிற்கிறதா என்றுதான் கேட்க வேண்டும்.

வெட்டிப்போட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு. ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம், பழைய கேபிள்களை உருவி எடுக்கிற வேலை. பையன் வால்யூமை முழுசாக வைத்து, கத்திய ஆறு வயரையும் செத்த வயர் என்று வெட்டிவிட்டான். அதில் ஒன்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வெளியே வருகிற லைன். நான் போனபோது வரிசையில் பத்து பதினைந்து பேர் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அதில் ஒரு பாட்டி, சாப்பிடாமல் வந்தவர், "ஏன் கண்ணு, என்ர ரத்தத்த இன்னுமா பாக்கறாங்க" என்று என்னைக் கேட்கிறார், நான் டாக்டர் என்று நினைத்துவிட்டார் போல. அந்தப் பையனை நான் திட்டவில்லை. அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கருவியோடு வருகிற தாள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், அரைகுறை ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்களுக்காவது ஒரு சீனியர் லைன்மேன் கூடவே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், முறுக்கு வயர் கண்டுபிடித்த அதே 1881-ல் பெல்லே சத்தத்தால் ஏமாந்திருக்கிறார். அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள், உடம்பில் குண்டு எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, பெல் ஒரு சுருள் கருவி செய்துகொண்டு போய் காதில் ரிசீவரை வைத்துத் தேடினார். சத்தம் ஒரு இடத்தில் என்று இல்லாமல் பரவலாக வந்தது. படுக்கைக்குள் இருந்த இரும்புக் கம்பிகள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது, போதாததற்கு டாக்டர் தேடச் சொன்னது குண்டு இல்லாத பக்கத்தில். கார்ஃபீல்ட் செப்டம்பரில் இறந்துபோனார். பெல்லுக்கே இந்தக் கதி.

திருப்பூருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். தையல் ஹாலில் நூறு மெஷின் ஓடும்போது குச்சியை ஆன் செய்தால் தேன்கூட்டில் கை வைத்த மாதிரி இருக்கும். பழைய கிளட்ச் மோட்டார் காலத்தில் 50 ஹெர்ட்ஸ் உறுமல் மட்டும்தான், இப்போதைய சர்வோ மோட்டார்கள் எல்லாச் சுருதியிலும் கத்துகின்றன, எல்இடி ட்யூப் லைட்டுகள் அதற்குப் பக்கவாத்தியம். விலை கூடிய குச்சிகளில் கரண்ட் உறுமலை வடிகட்டும் வசதி உண்டு, ஆனால் சர்வோவின் எல்லாக் கத்தலையும் அது அடக்காது. நான் கண்ட வழி டீ டைம்தான். மணி அடித்து மெஷின் எல்லாம் நிற்கிற அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் ஏணி, குச்சி, ஆள் எல்லாம் தயாராக இருந்தால் காலையிலிருந்து கிடைக்காத வயர் கிடைத்துவிடும். என் டீ ஆறிப்போகும், அது வேறு கதை. ஹெட்போன் செருகும் வசதி உள்ள குச்சி வாங்கினால் இன்னும் நல்லது.

கேமரா பையன்களுக்கு ஒன்று. பழைய கேமராக்களின் கோஆக்சியல் வயரில் நடுக்கம்பியில் சிவப்பு, அதைச் சுற்றிப் பின்னியிருக்கும் கம்பி வலையில் கறுப்பு என்று மாட்டினால் ஒன்றும் கேட்காது, வலை அதை மூடிவிடும். சத்தத்தை வலையிலேயே கொடுங்கள், கறுப்பை எர்த்துக்குக் கொடுங்கள், இரண்டு முனையிலும் வயரைக் கழற்றிய பிறகு. ஃபாயில் சுற்றிய நெட்வொர்க் வயருக்கும் இதேதான். இரும்புப் பைப்புக்குள் போகிற வயர் பைப்புக்குள் இருக்கும்வரை எப்படியும் கேட்காது, வெளியே வருகிற இடத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

சுவருக்குள் வயர் எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவும் இது உதவும், பலருக்குத் தெரியாது. அறுந்த கம்பியில் சிவப்பு, எர்த்தில் கறுப்பு. கம்பி அறுந்திருந்தாலும் அறுந்த இடம்வரை மின்புலம் துடிக்கும், குச்சியைச் சுவரில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் சட்டென்று தேயும். அந்த இடத்தில் ஒரு பென்சில் கோடு. போன மாதம் ஒரு வீட்டில் அப்படிக் கோடு போட்ட இடத்துக்கு நேர் மேலே புதிதாக மாட்டிய சாமி படம், அதன் ஆணி. அந்த அம்மாவே சிரித்துவிட்டார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் இது ஆகாது. பல்லடம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்காரர் ஸ்டார்ட்டரிலிருந்து போர்வெல் வரைக்கும் மண்ணுக்குள் போட்ட மோட்டார் கேபிள் எந்தத் தடத்தில் போகிறது என்று தெரியாமல், ஜேசிபி வைப்பதற்கு முன்னால் பார்த்துச் சொல்லுங்கள் என்று கூப்பிட்டார். மூன்று அடி ஈர மண்ணுக்கு இந்தக் குச்சி செவிடு. அதற்கு வேறு மெஷின் இருக்கிறது, 8, 33 கிலோஹெர்ட்ஸ் என்று பெரிய பவரில் அனுப்பி, பெரிய சுருளை வைத்துக் காந்தப்புலத்தைத் தேடுவது, எங்கள் இலாகாவில் கேபிள் பழுது பார்க்கிறவர்களிடம் இருந்தது. இதை அவரிடம் சொல்லிவிட்டுக் காசு வாங்காமல் வந்துவிட்டேன், இரண்டு இளநீர் மட்டும். சில ஆட்கள் இந்தச் சின்னக் குச்சியையே வைத்துக்கொண்டு தோட்டத்தில் குத்துமதிப்பாகக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், நீரோட்டம் பார்க்கிறவர் தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடக்கிற மாதிரி.

இன்னொரு ஆதங்கம். இந்தக் கருவி விற்கிற அளவுக்கு விற்பதற்குக் காரணமே வயர் இழுத்தவன் லேபிள் ஒட்டாமல் போனதுதான். ரேக்கைத் திறந்தால் 48 நீல வயர் பாம்புப் புற்று மாதிரி, ஒன்றிலும் ஒரு எண் கிடையாது. லேபிள் ஒட்டியிருந்தாலும் வெள்ளை டேப்பில் ஸ்கெட்ச் பேனா, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற சூட்டில் பசை உருகி, பஞ்சுத் தூசி ஒட்டி, ஆறு மாதத்தில் 13-ஆ 18-ஆ என்று தெரியாது. எண் போட்ட பிளாஸ்டிக் வளையம் வருகிறது, ஒரு பாக்கெட் என்ன விலை இருந்துவிடப் போகிறது, கிரிம்ப் செய்வதற்கு முன்னால் இரண்டு முனையிலும் மாட்டினால் முடிந்தது. கான்ட்ராக்டரிடம் கேட்டால் "அதுக்கு ரேட் போடலீங்க" என்கிறார். கட்டடம் கட்டுகிறவர்கள் இதைப் படித்தால், கடைசி பில் கொடுப்பதற்கு முன்னால் ரேக்கைத் திறந்து பாருங்கள், எண் இல்லாவிட்டால் பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.

உங்களிடம் கேட்பது இரண்டு. அந்தப் படம் தப்பு என்று அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள், ஒரு மூலையில் பொடி எழுத்தில் வருத்தம் தெரிவித்தால் பையன்கள் பார்க்க மாட்டார்கள். முடிந்தால் ஷார்ட் வைத்துப் பார்ப்பதையும் இரண்டு வரி சேருங்கள். படம் வேண்டும் என்றால் சொல்லி அனுப்புங்கள், என் கையையும் கருவியையும் நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், முகம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டெலிபோன் மெக்கானிக் ஒருவன்,
திருப்பூர்

பி.கு.: வேலை முடிந்ததும் பெட்டியைக் கழற்றி எடுத்துக்கொண்டு வர மறக்காதீர்கள் என்றும் எழுத நினைத்தேன். ஒரு கம்பெனியில் ஃபால்ஸ் சீலிங்குக்குள் வைத்தது வைத்தபடியே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், எந்தப் பலகைக்கு மேலே என்று சுத்தமாக ஞாபகம் இல்லை. மறுநாள் குச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். பேட்டரி இன்னும் சாகவில்லை, வயரைப் பிடித்துக்கொண்டே போனதில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது.